பதிவேட்டில் இல்லாத வருகை

“மூன்று வாரங்கள், ஃபாதர்! மூன்று வாரப் பதிவேட்டில் அக்கா வந்துபோனதற்கு ஓர் அடையாளமும் இல்லை. ஆனால், ‘பார்த்தேன், திறக்கவில்லை’ என்று மட்டும் கூசாமல் சொல்கிறார்.”

இவ்வாறு கூறியபடியே, எங்கள் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் சில அச்சுத்தாள்களை என் மேசைமீது வைத்தார். நாற்பது வயதைக் கடந்தவர். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர். அன்று அவர் குரலில் அந்த நிதானம் இல்லை.

செய்தி இதுதான். அவருடைய தந்தையார் ஒரு கிராமப் பள்ளி ஆசிரியர். இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவர் விட்டுச் சென்ற சொத்துகளுள் பதினொரு குறிப்பேடுகளும் இருந்தன. வீட்டுக் கணக்கு, பாடக் குறிப்பு, மழை பெய்த நாள்கள், பிள்ளைகளைப் பற்றிய கவலைகள் எல்லாம் அவற்றில் கலந்து கிடந்தன. மகன் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்தார். வீட்டில் சும்மா கிடந்த பழைய கணிப்பொறியைத் தூசு தட்டி, அதை இணையத்தின் ஒரு வழங்கியாக மாற்றினார். கனடாவில் வாழும் அக்கா, தந்தையின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு முன் அவற்றைப் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்பாவின் எழுத்தை ஏதோ ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. “எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து படிக்கட்டும்” என்றார்.

முகவரியை எழுதி அனுப்பினார். அக்காவிடமிருந்து பதில் வந்தது: திறக்கவில்லை. மறுபடி பார்க்கச் சொன்னார். அதே பதில். பிறகு அவர் வழங்கியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அக்காவின் வருகை அதில் இல்லை. அத்துடன் அவர் முடிவுக்கு வந்துவிட்டார்.

அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு பழைய புண் இருந்தது. தந்தை நோயுற்றுக் கிடந்த மாதங்களில் அக்காவால் வர இயலவில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர் இவர் ஒருவரே. அன்று கேட்ட “வர முடியவில்லை” என்ற சொல்லும், இன்று கேட்ட “திறக்கவில்லை” என்ற சொல்லும் அவர் காதில் ஒன்றாகவே ஒலித்தன.

நானும் அத்தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் வந்தவரின் முகவரி எண், நாள், மணி, கேட்ட பக்கம், வழங்கி அளித்த விடை ஆகியவை ஒழுங்காக நின்றன. எல்லாமே அவருடைய வீட்டுக்குள்ளிருந்து வந்தவை. நான் தலையசைத்தேன். இருதரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லாதே என்று குருமடத்திலே கற்றவன், பல ஆண்டுகளாகப் பிறருக்கும் அதையே போதித்தவன், அன்று ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தலையசைத்தேன். சாட்சி சொன்னது மனிதராக இருந்திருந்தால் ஐயுற்றிருப்பேன். சொன்னது இயந்திரம். இயந்திரத்திற்கு அக்காமீது என்ன கோபம் இருக்க முடியும்?

“நீங்களே பாருங்கள், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது” என்று தம் கைப்பேசியை எடுத்தார். அதில் குறித்து வைத்திருந்த முகவரியைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. அக்காவுக்கு அனுப்பிய முகவரியைத் தாமே எண் எண்ணாக அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

“வீட்டில் வந்ததே!” என்றார்.

அந்த இரண்டு சொற்களைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறேன். தனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்கிற நேர்மையான மனிதன், அந்த நேர்மையின் பலத்திலேயே மற்றொருவருக்கு அநீதி இழைத்துவிட முடியுமா? முடியும் என்றால், அவன் என்ன செய்திருக்க வேண்டும்?

தனக்குத் தானே பேசும் பொறி

வழங்கி என்றவுடன் குளிரூட்டிய பெரிய அறைகளை நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தொழிலின் பெயர்; எந்தக் கணிப்பொறியும் அத்தொழிலைச் செய்யலாம். கேட்கிறவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பதே அத்தொழில். உலகின் முதல் வலை வழங்கியும் ஒரு மேசைக் கணிப்பொறிதான். 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் தம் நெக்ஸ்ட் கணிப்பொறியில் அதை இயக்கினார். இது வழங்கி, இதை அணைத்துவிடாதீர்கள் என்னும் பொருள்பட, கையால் எழுதிய சீட்டு ஒன்றும் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வழியே போகிறவர் யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் வலையுலகமே நின்றுவிடும் என்ற நிலை! இன்று வீட்டில் வழங்கி நடத்துகிறவர்கள் அந்தச் சீட்டின் கவலையை நன்கு அறிவார்கள்.

வழங்கியை அமைத்தவர் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. அதே கணிப்பொறியில் அமர்ந்து 127.0.0.1 என்ற முகவரியைத் தட்டுவார். உலகிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் அந்த முகவரி ‘நான்’ என்று பொருள்படும். கேள்வி கம்பிக்குள் இறங்குவதே இல்லை. பொறிக்குள்ளேயே சுற்றித் திரும்புகிறது. இணையக் கம்பியை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டாலும் இந்தச் சோதனை வெற்றி பெறும். அதனால் அது வீண் சோதனை ஆகிவிடாது. வழங்கி உயிரோடு இருக்கிறது, பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்பதை அது காட்டும். அதற்கு மேல் ஒன்றையும் அது காட்டாது.

இரண்டாவது சோதனையில் வீட்டிலுள்ள வேறொரு கருவியிலிருந்து பார்க்க வேண்டும். நம் அன்பருக்கு முதலில் இது கைகூடவில்லை. கணிப்பொறியின் காவல் நிரலாகிய ஃபயர்வால் வெளிக்கேள்விகளைத் தடுத்து வைத்திருந்தது. வலைப்பக்கங்களுக்கு உரிய 80ஆம் எண் வாயிலை மட்டும் திறந்துவிட, கைப்பேசியில் பக்கம் வந்துவிட்டது. அவர் மனைவியும் பார்த்தார், மகளும் பார்த்தாள். “வருகிறது” என்று மூவரும் சாட்சி சொன்னார்கள்.

ஆனால் அந்த மூவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய முகவரி 192.168 என்று தொடங்குவது. 1996ஆம் ஆண்டிலேயே இவ்வகை எண் தொகுதிகள் மூன்றை வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்முகவரிகளாக ஒதுக்கிவிட்டார்கள். அவ்வெண் ஆயிரமாயிரம் வீடுகளில் ஒரே வேளையில் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் வேறொரு கருவியைக் குறிக்கலாம். ‘நடு அறை’ என்ற சொல்லைப் போன்றது அது. எந்த வீட்டில் நின்று சொல்கிறோமோ அந்த வீட்டின் நடு அறை. என் மேசையருகில் அவர் தொட்ட முதல் முகவரி திறக்காததன் காரணம் இதுவே. தெருவில் நிற்கிறவனுக்கு அது முகவரியே ஆகாது.

நாமும் நம் நேர்மையை இப்படித்தான் சோதித்துக்கொள்கிறோம். முதலில் நம்மையே கேட்கிறோம்: “நான் யாருக்காவது தீங்கு நினைத்தேனா?” “இல்லை” என்று உள்ளே இருந்து பதில் வருகிறது. பிறகு நம்மோடு உண்டு உறங்கி, நம் சொல்லின் பொருளை நம்மைப் போலவே விளங்கிக்கொள்கிறவர்களைக் கேட்கிறோம். அவர்களும் “நீங்கள் சரிதான்” என்கிறார்கள். இந்தச் சாட்சிகள் பொய் சொல்வதில்லை. ஆயினும் தெருவுக்கும் நமக்கும் இடையே உள்ள வழி திறந்திருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வழியில் அவர்கள் ஒருநாளும் நடந்து வந்ததில்லை.

மௌனத்தின் பொருள்

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருவோம். அதுவே அக்காவுக்கு எதிராக வைக்கப்பட்ட பெரிய சான்று.

வழங்கியின் பதிவேடு பொய் சொல்லாது என்று நினைத்தேன். அது சரியே. ஆனால் அதற்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. வழங்கியின் வாசலை வந்து தொட்டவர்களை மட்டுமே அது அறியும். தெருமுனையில் தடுத்து நிறுத்தப்பட்டவரை அது அறியாது. பூட்டிய வெளிக்கதவுக்கு அப்பால் ஒரு மணி நேரம் நின்று தட்டியவரும், வீட்டைவிட்டே புறப்படாதவரும் அந்தப் பதிவேட்டில் ஒரே மாதிரி எழுதப்படுகிறார்கள். அதாவது, எழுதப்படாமல் இருக்கிறார்கள்.

இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. பொது இணையத்தில் 80ஆம் எண் வாயிலை உண்மையாகவே திறந்து வைத்தால், அழைத்தவர்கள் மட்டுமே வருவதில்லை. உலகெங்கும் ஓயாமல் கதவு தட்டித் திரியும் தானியங்கி நிரல்கள் உண்டு. எங்கே பூட்டு தளர்ந்திருக்கிறது என்று தேடுவது அவற்றின் வேலை. புதிதாகத் திறந்த வழங்கியின் பதிவேட்டில் சில மணி நேரத்துக்குள் அவற்றின் சுவடுகளைக் காணலாம். நம் அன்பரின் பதிவேட்டிலோ மூன்று வாரங்களாக ஒரு திருடனின் காலடிகூட இல்லை! ‘அக்கா வரவில்லை’ என்பதற்குச் சான்றாக அவர் கொண்டுவந்த தாள்கள், உண்மையில் ‘எவராலும் வர முடியவில்லை’ என்பதற்கே சான்றாக இருந்தன. எழுத்து ஒன்றுதான், மாறியிருந்தது எங்கள் வாசிப்பு. முன்பே நெஞ்சில் எழுதி வைத்திருந்த தீர்ப்பைக் கொண்டு அவர் அதை வாசித்தார். அவர்மீதிருந்த அன்பைக் கொண்டு நான் வாசித்தேன்.

அன்று இரவு எனக்கு உறக்கம் எளிதில் வரவில்லை. நானும் ஒரு பதிவேட்டை நம்பியே இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன் என்று தோன்றிற்று. “என் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, வந்து சொல்லவேண்டியதுதானே?” என்று எத்தனை முறை கூறியிருப்பேன்! “இந்த ஆண்டு எவரும் குறை சொல்லவில்லை” என்று எத்தனை முறை மகிழ்ந்திருப்பேன்! குறை இல்லாததால் சொல்லவில்லையா, சொல்ல வழி இல்லாததால் சொல்லவில்லையா? படியேறி வந்து, முன்னறையில் காத்திருந்து, என் முகக்குறியைப் பார்த்துப் பேசத் துணிந்தவர்களே என் பதிவேட்டில் இருக்கிறார்கள். பாதி வழியில் திரும்பிப் போன கைம்பெண்ணை அது அறியாது. வள்ளுவப் பெருந்தகை பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், தன்னைக் கடிந்து திருத்துவார் எவரும் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே அழிவான் என்னும் கருத்தை வைத்திருக்கிறார். குறை சொல்வார் இல்லாத நிலையை வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் அதை ஊன்றிப் படிக்க வேண்டும். வீட்டுத் தலைவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பங்குத்தந்தையர்க்கும் இது பொருந்தும்.

பழுது இருந்த இடம்

மறுநாள் அன்பர் பொறுமையாகத் தேடத் தொடங்கினார். பழுது தேடுவதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு என்பதை அவரிடமிருந்து கற்றேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். பயன் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் ஐந்தை ஒருசேர மாற்றுகிறவன், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று அறியமாட்டான். குடும்பச் சண்டைகளில் நாம் செய்வதும் இந்த ஐந்து மாற்றங்களையே.

தோல்வியின் வகையையும் பார்க்க வேண்டும் என்றார். கதவைத் தட்டியவுடன் ‘இல்லை’ என்ற மறுப்பு வந்தால், பெரும்பாலும் அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த வாயிலில் பணி செய்ய ஆள் இல்லை. மறுப்பும் வராமல் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தால், கேள்வி வழியில் எங்கோ சத்தமின்றி வீழ்த்தப்படுகிறது. 404 என்ற எண் வந்தாலோ நல்லது. வழங்கி வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், கேட்ட பக்கம்தான் இல்லை. மறுப்பு மௌனத்தைவிட மேலானது. அது எங்கே நிற்கிறோம் என்பதையாவது சொல்கிறது. அக்காவுக்குக் கிடைத்தது மௌனம்.

ரூட்டர் என்னும் வழிகாட்டிப் பெட்டியில், வெளியிலிருந்து 80ஆம் வாயிலுக்கு வரும் கேள்வியை உள்ளே பழைய கணிப்பொறிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை அவர் முன்பே செய்திருந்தார். அதில் பிழை இல்லை. பிறகு ஒரு செய்தி கண்ணில் பட்டது. ரூட்டரின் பக்கத்தில், வெளியுலகில் தன் முகவரி என்று அது காட்டிய எண் 100 என்று தொடங்கியது. வெளியிலுள்ள தளம் ஒன்று அவர் வீட்டுக்குச் சொன்ன முகவரியோ முற்றிலும் வேறு. தன்னை யார் என்று அந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருந்ததோ, அந்த முகவரியில் உலகம் அதைக் காணவில்லை.

இதற்குக் காரணம் எண்களின் பஞ்சம். பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. பஞ்ச காலத்தில் ஒரே உலையில் பலர் கஞ்சி காய்ச்சுவதைப் போல, இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒரு வெளிமுகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கலாயின. அந்த இடைநிலைப் பயன்பாட்டுக்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் 2012இல் ஒதுக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டில் வீட்டிலிருந்து வெளியே போவதில் தடை இல்லை. செய்தி படிக்கலாம், படம் பார்க்கலாம், அக்காவோடு முகம் பார்த்துப் பேசலாம். வெளியிலிருந்து ஒருவர் தாமாக உள்ளே வர முயன்றால் மட்டும், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று நிறுவனத்தின் பொறிக்குத் தெரியாது. கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

தம் இணைப்பு முழுமையானது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. தாம் போக விரும்பிய இடத்துக்கெல்லாம் அவரால் போக முடிந்தது. பிறர் தம்மிடம் வர முடியவில்லை என்பதை, போய்க்கொண்டே இருக்கிறவன் எப்படி அறிவான்? இது கணிப்பொறிக்கு மட்டும் உரிய குறையா? ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லப் போகிறவர் நம்மில் உண்டு. தம் வீட்டுப் பிள்ளை தம்மிடம் ஒரு சொல் சொல்ல அஞ்சுவதை அவர் அறியார்.

ஆக, பழுது அன்பரிடம் இல்லை, அக்காவிடமும் இல்லை. இருவருக்கும் தெரியாத ஓரிடத்தில் இருந்தது. “வருகிறது” என்றவரும் உண்மை சொன்னார்; “வரவில்லை” என்றவரும் உண்மை சொன்னார். இரண்டு உண்மைகள் மோதியபோது, ‘இருவரில் ஒருவர் பொய்யர்’ என்று எண்ணியது மட்டுமே பொய்யாக இருந்தது.

மறுபக்கத்துப் பிழை

நிறுவனத்திடம் மாதக் கட்டணம் செலுத்தி, தமக்கென ஒரு தனி வெளிமுகவரியைப் பெற்றார். அது கிடைத்த மாலையில் ஆவலோடு வீட்டுக் கணிப்பொறியில் அந்தப் புதிய எண்ணைத் தட்டினார். திறக்கவில்லை! “எல்லாம் வீண், ஃபாதர்” என்று தொலைபேசியில் சோர்ந்து பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் அக்காவின் குறுஞ்செய்தி வந்தது: அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாக.

இதற்கும் விளக்கம் உண்டு. வீட்டுக்குள்ளிருந்து தன் வெளிமுகவரிக்கே போகும் கேள்வியைத் திருப்பி உள்ளே அனுப்பத் தெரியாத ரூட்டர்கள் பல உண்டு. எனவே வெளியில் எல்லாருக்கும் திறக்கும் தளம், வீட்டுக்காரருக்கு மட்டும் மூடியதாகத் தோன்றும். முதலில் பழுது இருந்தபோது உள்ளிருந்து பார்த்தவருக்கு எல்லாம் நலமாகத் தெரிந்தது. பழுது நீங்கியபோது உள்ளிருந்து பார்த்தவருக்கு எல்லாம் பாழாகத் தெரிந்தது.

அறநெறி இறையியலைக் கற்றவர்களுக்கு இந்த இரட்டைப் பிழை புதிதன்று. தன்னிடம் குறையே இல்லை என்று துணிகிற மனச்சான்று ஒன்று. தன்னிடம் குறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நடுங்குகிற மனச்சான்று மற்றொன்று. முன்னது செருக்கு என்றும் பின்னது தாழ்ச்சி என்றும் நாம் எளிதாகப் பெயரிட்டுவிடுகிறோம். இரண்டும் உள்ளேயே நின்று தீர்ப்பிடுகின்றன என்பதே அவற்றின் பொதுக் குறை. தன்னையே இடைவிடாமல் குற்றம் சாட்டிக்கொள்கிறவரும், அவரால் ஆறுதல் பெற்ற ஒருவர் வெளியே இருந்து சொல்லும் நல்ல சொல்லைக் கேட்டால்தான் விடுதலை அடைகிறார்.

அப்படியானால் வெளியில் நிற்பவர் சொல்வதே வேதவாக்கா? அதுவும் அன்று. அக்காவின் ஊரில் இணைப்பு அறுந்திருக்கலாம். ஓர் எண்ணை அவர் தவறாகத் தட்டியிருக்கலாம். ஒரு சாட்சியை வைத்துப் பழுதை முடிவு செய்யக் கூடாது என்பதும் பழுது தேடுவோரின் விதியே. ஆனால் பிறர் சொல் தவறாக இருக்கலாம் என்பதற்காக அதைச் சோதிக்காமல் தள்ளிவிட உரிமை கிடைத்துவிடாது. சோதிப்பதும் கடினமன்று. கைப்பேசியில் வீட்டின் வைஃபையை அணைத்துவிட்டு, தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பில் பார்த்தால் போதும். நாற்காலியிலிருந்து எழாமலே தெருவில் இறங்கி நின்றவர் ஆகிறோம். அரை நிமிட வேலை. மூன்று வாரங்களாக அவர் அதைச் செய்யவில்லை. தெரியாததால் அன்று, தேவை என்று தோன்றாததால்.

இங்கேதான் குற்றம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமா அக்குவினாஸ் தவறும் மனச்சான்றைப் பற்றி ஆராய்ந்தார். தவறாக அறிந்த மனச்சான்றும் மனிதனைக் கட்டுப்படுத்தவே செய்கிறது. ஆனால் தான் அறிந்திருக்க வேண்டியதை அசட்டையால் அறியாதிருந்தவனை அது குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை என்பது அவர் கொள்கை. ‘நான் மனமறிந்து பொய் சொல்லவில்லை’ என்பது நல்ல வாக்குமூலத்தின் தொடக்கம் மட்டுமே. ‘அறிய முயன்றேனா?’ என்பது அடுத்த கேள்வி. குறிப்பாக, ஒருவரைப் பொய்யர் என்று தீர்மானிக்கும் முன் அவர் நின்ற இடத்தில் ஒரு கணமேனும் நின்று பார்த்தேனா என்று கேட்டாக வேண்டும்.

திறந்த கதவைக் காப்பதும் கடமையே. இப்போது அன்பரின் பதிவேட்டில் அழையாத விருந்தினர் நாள்தோறும் தட்டுகிறார்கள். தேவையான வாயிலைத் தவிர மற்றவற்றை அவர் மூடி வைத்திருக்கிறார். நிரல்களைக் காலந்தோறும் புதுப்பிக்கிறார். குறிப்பேடுகள் உள்ள பகுதிக்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறார். உறவுக்குக் கதவைத் திறப்பது என்றால் காவலைக் கலைத்துவிடுவது என்று பொருளன்று. ஆயினும் திருடனுக்கு அஞ்சித் தெருவையே மூடிவிட்டால், அக்காவும் அத்துடன் வெளியே நின்றுவிடுகிறார்.

நினைவு நாளன்று திருப்பலி முடிந்தபின் அவர் என்னிடம் வந்து ஒரு தாளைக் காட்டினார். மறுபடியும் அதே பதிவேடுதான். முதல் வருகையின் வரியில் ஓர் அயல்நாட்டு முகவரி, நம் நாட்டு நேரத்தில் மாலை மணி, குறிப்பேட்டின் முதல் பக்கம், நலமே முடிந்தது என்று பொருள்படும் 200 என்ற எண். அதற்குக் கீழே அதே முகவரியிலிருந்து அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று விடியும்வரை வரிகள் நீண்டிருந்தன.

“பதினொரு குறிப்பேட்டையும் ஒரே மூச்சில் படித்திருக்கிறார், ஃபாதர்” என்றார். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, “அப்பா படுத்திருந்தபோதும் இப்படித்தானோ என்னவோ? நான் கேட்கவே இல்லை” என்றார்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்கு விடை சொல்லக்கூடியவர் கனடாவில் இருக்கிறார். அவரிடம் கேட்கும்படி மட்டும் சொன்னேன்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் நலம் விசாரித்தார், யார் மறந்தார் என்று அதில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறோம். அதில் எழுதியவை உண்மையாகவே இருக்கலாம். எழுதப்படாதவற்றைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடப் போகும் முன், தெருவில் இறங்கி நம் கதவை வெளியிலிருந்து நாமே ஒருமுறை தட்டிப் பார்ப்போம்.